முப்பது கேள்விகள் உபயம்

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் காற்றாடும். வாடகையும் பாதிக்குக் கீழே இறங்கும். அப்படி ஒரு மண்டபத்தை மாமல்லபுரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்து, ஜப்பான் கார்ட்டூன் ரசிகர்களையெல்லாம் கூட்டி விழா நடத்தப்போவதாக ஒரு பெண் என்னிடம் வந்து சொன்னாள். எனக்கு அதில் புரிந்தது அந்த ஆடி வாடகை மட்டும்தான். விவரமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது. குடியிருப்பு புதுப்பட்டினம். மறைமலைநகரில் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை. விடுமுறை நாட்களில் மெல்லிசைக் கச்சேரிகளில் மைக் பிடிப்பேன். பாடத் தெரியாது. "அடுத்து வருவது..." என்று இழுக்கத் தெரியும். நடுநடுவே நாலு ஜோக் சொல்வேன். அதில் ஒன்றுக்குச் சிரிப்பு வரும், அதுவும் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரரிடமிருந்து. ஆனால் கடைத்தெருவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும். அம்மன் கோயில் திருவிழாவில் யார் யார் எதற்கு உபயம் என்ற பட்டியலை வருஷா வருஷம் மைக்கில் வாசிப்பவன் நான்தான்.

அந்தப் பெண் எங்கள் ஊரை ஒட்டிய டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். அப்பா அணு ஆராய்ச்சி வேலையில் இருந்தார். அவள் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு சாஃப்ட்வேர் ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

"கார்ட்டூன்னு சொல்லாதீங்கண்ணா. அனிமே."

"சரிம்மா, அனிமே. அதுல நான் இன்னா பண்ணணும்? எனக்கு ஒண்ணுமே தெரியாதே."

"அதான் வேணும். மேடையில ஒரு கேம் ஷோ வெக்கிறோம். தெரிஞ்சவங்க கேள்வி கேட்டா மூஞ்சியிலயே பதில் தெரிஞ்சிடும். உங்க மூஞ்சியில ஒண்ணும் தெரியாது."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். வேறு வழியில் எடுத்துக்கொள்ளும் வசதி எனக்கு இல்லை.

பிறகு அவள் சிரிக்காமல் ஒன்று சொன்னாள். முந்தின வருஷம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு போட்டி நடந்ததாம். நடத்தியவர்களின் சிநேகிதர்களே ஜெயித்தார்களாம். கேள்விகள் முன்கூட்டியே அவர்களுக்குத் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பி, அந்தக் கூட்டமே கலைந்துபோய்விட்டதாம். இவள் அதில் தோற்றவர்களில் ஒருத்தி.

"நம்ம விழாவுலயும் அப்படி ஒரு பேச்சு வந்துட்டா இதோட முடிஞ்சுதுண்ணா. அப்புறம் நான் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க."

முப்பது கேள்விகளையும் பதில்களையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி என் கையில் கொடுத்தாள். நிகழ்ச்சி நடத்துபவன் பயிற்சி எடுக்க வேண்டுமல்லவா? நான் அதை பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

நுழைவுக் கட்டணம் மண்டபத்தோடு சரி. கேம் ஷோவுக்குத் திரை, ஸ்பீக்கர், பரிசு எல்லாம் வேண்டும். அதற்கு வழி சொன்னது நான்தான். இன்றுவரை மார்தட்டிக்கொள்ளவும் தலைகுனியவும் எனக்கு வாய்த்த ஒரே யோசனை அது. கோயிலில் ட்யூப்லைட் வாங்கிக் கொடுப்பவர், விளக்கு பாதி மறைந்தாலும் பரவாயில்லை என்று அதன் மேல் 'உபயம்' என்று தன் பெயரை எழுதிவைப்பார் இல்லையா? அதே மாதிரி ஒவ்வொரு கேள்வியையும் ஒரு கடைக்காரரின் உபயம் ஆக்குவது. கேள்விக்கு நூற்றியொரு ரூபாய். மைக்கில் கடைப் பெயர் வாசிக்கப்படும்.

உறையைப் பிரித்து, கடைக்கு ஏற்றாற்போல் கேள்வி பிரித்தேன். நூடுல்ஸ் கடை வரும் கேள்வி டிபன் கடை அக்காவுக்கு. இரண்டு சக்கர வண்டி வரும் கேள்வி சைக்கிள் கடைக்கு. முடி சம்பந்தப்பட்ட கேள்வி என் சலூன்காரருக்கு. நாலே நாளில் முப்பதும் போயிற்று. ஒவ்வொருவருக்கும் கோயில் ரசீது மாதிரியே ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை, நிகழ்ச்சிக்குச் சவரம் செய்துகொள்ள சலூனில் உட்கார்ந்தேன். ஒரு கன்னம் முடிந்து அவர் மறுபக்கம் வரும்போது, கண்ணாடிக்கு மேலே முருகன் படத்தை ஒட்டி என் கையெழுத்தைப் பார்த்தேன். ரசீது. அதற்குப் பொட்டு வைத்திருந்தார்.

'கேள்வி: நீலமுடிக்காரி தன் கூந்தலை எதற்காக வெட்டினாள்? பதில்: பட்டத்துக்கு வால் கட்ட.'

எல்லாருக்கும் பதிலையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். 'ஒண்ணும் பிரியலயே' என்று முதல் கடைக்காரர் விழித்தார், பாவம் என்று பதிலை எழுதினேன். அவருக்கு எழுதிவிட்டு மற்றவர்களுக்கு எழுதாமல் விட்டால் குறையாகப் போய்விடுமே என்று மீதி இருபத்தொன்பதிலும் எழுதினேன். வேறு எந்த விஷயத்திலும் நான் இவ்வளவு நியாயமாக நடந்துகொண்டதில்லை.

"இன்னா அண்ணாத்த அப்டி பாக்குற? ஆடாத, கத்தி கீது."

"இத ஏம்பா ஒட்டி வெச்சிருக்க?"

"ஒட்டாம? வர்றவன் போறவனுக்கெல்லாம் அந்தப் பொண்ணு கதையத்தான் சொல்லிகினு கீறேன். தலமுடிய வெட்டி பட்டத்துக்கு வால் கட்டிக்கீறா பாரு! இருபது வருசமா வெட்டிகினு கீறேன், எவனாவது ஒருத்தன் இந்த மாதிரி காரணம் சொல்லிக்கீறானா?"

"மத்த கடையில?"

"எல்லா கடையிலயும்தான். டிபன் கடை அக்கா பிரேம் போட்டுட்ச்சி."

பாதி சவரத்தோடு எழுந்து ஓடினேன். கடைத்தெரு முழுக்க என் கையெழுத்து. பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் டீக்கடையில் பாய்லருக்கு மேலே ஒன்று. அன்று தெற்கிலிருந்து வரும் ரசிகர்களில் பலர் அங்கேதான் பஸ் மாறுவார்கள்.

மாமல்லபுரத்தில் இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் விழாவுக்கு வேஷம் கட்டி வந்த ஒருவன் தெர்மாகோல் மீன் பெட்டியை வெட்டிக் கவசமாகப் போட்டுக்கொண்டு நின்றான். கண்டக்டர் "கூத்து செட்டா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். கவசக்காரன் என்னைப் பார்த்ததும், ஒரு கன்னத்தில் மட்டும் தாடி வைத்த பாத்திரம் எந்தத் தொடரில் வருகிறது என்று மரியாதையாகக் கேட்டான்.

மண்டபத்தில் அந்தப் பெண் மணமேடையில் ஏணி போட்டு பேனர் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். மெதுவாக இறங்கி வந்தாள்.

"எத்தனை கடையிலண்ணா?"

"எல்லாத்துலயும்."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாப்பிள்ளை பெண் உட்காரும் சிவப்பு சோபாவில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, முப்பது கடைப் பெயர்களையும் சொல்லச் சொன்னாள்.

"டிபன் கடை" என்றேன். கண்ணை மூடினாள். திறந்து, பழையதற்குப் பதிலாகப் புதுக் கேள்வி ஒன்று எழுதினாள். "சைக்கிள் கடை." எழுதினாள். புத்தகம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் அவளுடைய சிநேகிதிகள் இரண்டு பேர் வாங்கிப்போய், ஆளுக்கொரு தூணுக்குப் பின்னால் நின்று, தனித்தனிச் சீட்டில் பதில் எழுதினார்கள். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால்தான் கேள்வி நிற்கும். ஒரு கேள்வியில் ஒருத்தி 'மூன்றாவது படிக்கட்டு' என்றும் இன்னொருத்தி 'நான்காவது' என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கேள்வியை இவள் கிழித்துப் போட்டுவிட்டாள். படிக்கட்டு! நான் பிறந்ததிலிருந்து ஏறி இறங்கும் எங்கள் வீட்டு மாடிக்கு எத்தனை படி என்று அன்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

நாலாயிரம் கச்சேரிப் பாட்டுக்கு ராகம் சொல்லும் மனிதர்களோடு பழகியிருக்கிறேன். ஆனால் ஒருத்தி தன் தலைக்குள் இறங்கி, ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே வருவதை அன்றுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் முப்பதும் முடிந்தது. எனக்குப் பசிக்கவில்லை. எனக்கே நம்பமுடியாத விஷயம் இது.

மூன்று மணிக்கு மண்டபம் நிரம்பியது. மேடையில் நான்கு அணிகள். அணிக்கு ஒரு ஹாரன்: மொபெட், ஆட்டோ, லாரி, மீன்காரர் சைக்கிளில் பிதுக்கும் ரப்பர் ஹாரன். சத்தத்தை வைத்தே யார் முதலில் என்று தெரிந்துவிடும். முன் வரிசையில் உபயதாரர்கள். இஸ்திரி போட்ட சட்டை, விபூதி, டிபன் கடை அக்கா தலையில் கனகாம்பரம்.

"முதல் கேள்வி, டிபன் கடை உபயம்!" என்று முழங்கிவிட்டுப் புதுக் கேள்வியைப் படித்தேன்.

அக்கா எழுந்துவிட்டார். "இது எங்க கேள்வி இல்லியே!"

சலூன்காரரும் எழுந்தார். "இன்னா அண்ணாத்த, டப்பு வாங்கசொல்ல ஒரு கேள்வி, மைக்ல ஒரு கேள்வியா? ஊரு பூரா சொல்லி வெச்சிக்கீறோம்!"

முப்பது பேரும் எழுந்தார்கள். நான் விழா நடத்தும் பெண்ணைப் பார்த்தேன். அவள் மேடை ஓரத்தில் அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். என்னிடம் ஜோக் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி மைக்கில் சொன்னேன். பதிலை எழுதிக் கொடுத்த முட்டாள் நான், அந்தப் பெண் இல்லை என்றும் சொன்னேன்.

ரப்பர் ஹாரன் அணியில் அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த அக்கா, தங்கை இருவர் இருந்தார்கள். ஜவுளிக்கடையில் வேலை செய்பவர்கள். மூத்தவள் கையைத் தூக்கினாள்.

"டீக்கடையிலயும் பக்கத்து கடையிலயும் நாங்களும் பார்த்தோம். ரெண்டு பதில் படிச்சிட்டோம். போட்டிக் கேள்வின்னு தெரியாமதான் படிச்சோம். நீங்க ஆரம்பிச்சதும் சொல்லிடலாம்னுதான் இருந்தோம். வேணும்னா எறங்கிடுறோம்."

"இறங்க வேணாம்" என்றாள் விழா நடத்தும் பெண். "அந்தக் கேள்விங்க இப்ப போட்டியில இல்ல."

"போட்டியில இல்லன்னா எங்க உபயம் இன்னா ஆவறது?" என்றார் சலூன்காரர். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "ஒண்ணு பண்ணு. எங்க கேள்விய நாங்களே கேக்கறோம். மார்க்கு வாணாம். தெரிஞ்சவன் சொல்லட்டும். அப்பால உன் கேள்விய நீ கேட்டுக்கோ."

சுவரிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்திருந்த ரசீதைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து, தன் முறை வரும்வரைகூடக் காத்திருக்காமல், கோயிலில் வேண்டுதல் சொல்வது போல உரக்கப் படித்தார். "நீலமுடிக்காரி தன் கூந்தலை எதற்காக வெட்டினாள்?"

மண்டபம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது: "பட்டத்துக்கு வால் கட்ட!"

அவர்களில் பலர் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பஸ் மாறாமல் நேராக வந்து இறங்கியவர்கள். எந்தச் சுவரையும் பார்க்காதவர்கள். சுவரில் ஒட்டி நான் அம்பலப்படுத்திவிட்டதாக நினைத்த ரகசியம், அவர்கள் எல்லாருடைய உள்ளேயும் ஏற்கெனவே இருந்திருக்கிறது. சலூன்காரர் ரசீதைப் பிடித்தபடி அப்படியே நின்றார். ஊரில் அவர் ஒருவராகச் சொல்லிக்கொண்டிருந்த கதையை அத்தனை பேர் அவருக்குத் திருப்பிச் சொன்னார்கள்.

அதன்பின் அப்படியே நடந்தது. உபயதாரர் எழுந்து தன் கேள்வியைக் கேட்பார், மண்டபமே பதில் சொல்லும். பிறகு நான் புதுக் கேள்வி கேட்பேன், ஊசி விழுந்தால் கேட்கும். ஒரு ஹாரன் அலறும். முப்பது தடவையும் சபையிலிருந்து ஒரு பதில்கூட மேடைக்கு வரவில்லை. தெரிந்ததை வாயைப் பொத்திக்கொண்டு விழுங்கினார்கள். கச்சேரியில் நான் அரை நிமிஷம் அமைதி கேட்டுக் கிடைத்ததில்லை.

கடைசியாகச் சலூன் உபயம் வந்தபோது லாரி ஹாரனும் ரப்பர் ஹாரனும் சமமாக நின்றன. புதுக் கேள்வியைப் படித்தேன்.

"அந்தப் பட்டம் கடைசியில் எங்கே போய்ச் சிக்கியது?"

சலூன்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். கதைக்கு இன்னும் மீதி இருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும். நான் பத்து வரை எண்ண வேண்டும். ஏழு எண்ணும்போது ரப்பர் ஹாரன் 'பாம்' என்றது. தங்கைக்காரி அழுத்தியிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"லைட் ஹவுஸ் உச்சியில. அவங்க அம்மா வேலை செய்யிற ரூம் ஜன்னல்ல."

சீட்டைப் பிரித்துப் பார்த்தேன். அன்று முதல்முறையாக என் முகத்தில் பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் மண்டபம் எழுந்துவிட்டது. தோற்ற லாரி ஹாரன்காரர்களே முதலில் போய் அந்த இருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முன்கூட்டியே தெரியும் என்று ஒருவரும் சொல்லவில்லை. விழா நடத்திய பெண் சிவப்பு சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, அன்று முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தாள்.

பரிசு கொடுத்து முடிந்ததும் சலூன்காரர் மேடைக்கு ஏறி வந்தார். என் மறு கன்னத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று முகத்தைத் திருப்பிக் காட்டினேன். என்னைத் தாண்டிப் போய் அந்த அக்கா தங்கை முன்னால் நின்றார்.

"யம்மா, அவங்கம்மா அந்த முடியப் பாத்தாங்களா? யாரு முடின்னு தெரிஞ்சுதா?"

"அது பெரிய கதைங்க" என்றாள் தங்கைக்காரி.

"இருக்கட்டும். கடசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கீது."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். டிபன் கடை அக்கா வந்து உட்கார்ந்தார். சைக்கிள் கடைக்காரரும் வந்தார். ஹாரன்களைக் கழற்றிக்கொண்டிருந்த நான், அவற்றை அப்படியே போட்டுவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.