பக்கத்து மேசைக்குச் சொல்லாத ஓட்டை

லிஸ்பனுக்கு வந்த முதல் மாதம். டிராமில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மாளின் தோள்பையில் ஜிப் முழுக்கத் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்த பர்ஸ் பாதி வெளியே தெரிந்தது. நம்மால் சும்மா இருக்க முடியுமா? தோளைத் தொட்டு, பையைக் காட்டி, "ஓப்பன், ஓப்பன்" என்றேன். அந்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. இறங்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை என்றாலும் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிட்டேன்.

தென்காசியில் சைடு ஸ்டாண்டை மடக்காமல் பைக்கை எடுத்துப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து யானைப்பாலம் போவதற்குள் பத்துப் பேராவது "ஸ்டாண்டு, ஸ்டாண்டு" என்று கத்துவார்கள். கத்தியவன் யார் என்று நாமும் பார்ப்பதில்லை, நன்றி சொல்லவும் மாட்டோம். லிஸ்பனில் அடுத்தவர் பையில் ஜிப் திறந்திருந்தால் அது அவர் பாடு. இதில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தத் தகுதியும் எனக்கு இப்போது இல்லை.

இத்தனைக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அங்கே என் பிழைப்பு. டீஃபை என்று ஓர் உலகம் இருக்கிறது. வங்கி கிடையாது, மேனேஜர் கிடையாது, கவுண்ட்டர் கிடையாது. பணம் வாங்குவது, கடன் கொடுப்பது, திருப்பித் தருவது எல்லாவற்றையும் ஒரு கணினி நிரலே பார்த்துக்கொள்ளும். அந்த நிரல் உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே கிடக்கும். அதிலுள்ள தவற்றைத் திருடன் முதலில் கண்டுபிடித்தால் கொள்ளை. என்னைப் போன்றவன் முதலில் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு எழுதிப் போட்டால் வெகுமதி. பக் பவுண்ட்டி என்பார்கள். நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிய பிறகு முழுநேரமும் இதுதான். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது, கிடைத்தால் மொத்தமாகக் கிடைக்கும். பெரிதாக ஒன்று கிடைத்துவிட்டால் ஊரோடு வந்துவிடுவது என்று தென்காசியில் மகளோடு இருக்கும் என் மனைவி செல்வியும் நானும் பேசி வைத்திருந்தோம்.

இந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. கண்டுபிடித்த ஓட்டையை அவர்கள் அடைக்கும்வரை வேறு யாரிடமும் மூச்சு விடக்கூடாது. எல்லோரையும் உஷார்ப்படுத்தினால் திருடனும் உஷாராகிவிடுவான். நியாயமான விதிதான். இன்றைக்கும் அதை நான் குறை சொல்லமாட்டேன்.

மேசையை வாடகைக்குத் தரும் ஒரு பொது அலுவலகத்தில்தான் வேலை பார்த்தேன். பக்கத்து மேசை ருயி. லிஸ்பன்காரன், கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவன். எனக்குப் போர்த்துக்கீசு அரைகுறை, அவனுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் நான்கு வருடம் ஒன்றாகக் காப்பி குடித்தோம். நான் முதல் தடவை காய்ச்சலில் படுத்தபோது சூப் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மணியடித்துப் போய்விட்டான். உள்ளே வந்து ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று எனக்குக் கோபம். தொந்தரவு செய்யக்கூடாது என்றுதான் போனானாம். அவனுக்கும் மனைவிக்கும் விவாகரத்து ஆகியிருந்தது. தனி அறை ஒன்று இருந்தால்தான் மகள் அவனோடு தங்கலாம் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். இரண்டு அறை வீட்டுக்கு முன்பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். சேர்த்ததை ஒரு டீஃபை நிறுவனத்தில் போட்டிருந்தான்.

அதே நிறுவனத்தில்தான் என் அண்ணன் சண்முகமும் போட்டிருந்தான். அண்ணன் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று ஆய்க்குடிக்கு வந்தவன். குற்றால சீசன் நேரத்தில் ஐந்தருவியில் காவல் வேலைக்குப் போவான். ஓய்வில் கிடைத்த பணத்தில் பெரும்பகுதியை அங்கே போட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னான். "நீதான் அந்தத் தொழில்ல இருக்கேல்லா, பொறவு எனக்கு என்னலே பயம்?" என்றான். அவனைப் பார்த்து அவனோடு பட்டாளத்தில் இருந்த பதினோரு பேரும் போட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த நிறுவனத்தின் நிரலைப் படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் நின்று மறுபடி மறுபடி படித்தேன். ரேஷன் கடைக்காரர் அரிசியை அளந்து போட்டுவிட்டுப் பிறகு கார்டில் எழுதுகிறார் என்று வையுங்கள். எழுதுவதற்குள் ஒருவன் மறுபடி பையை நீட்டினால் மறுபடி அளந்து போடுவார். அப்படி ஓர் இடைவெளி அதில் இருந்தது. யாராவது கண்டுகொண்டால் மொத்தத்தையும் வழித்துக்கொண்டு போய்விடலாம். உடனே அறிக்கை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. உண்மைதான், அடைக்க மூன்று நாள் ஆகும், அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. வெகுமதி எவ்வளவு என்றும் குறிப்பிட்டிருந்தார்கள். அது நான் ஊருக்குத் திரும்பப் போதும்.

ருயி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். பாதியை என் பக்கம் நீட்டி, "முகம் ஒரு மாதிரி இருக்கிறதே. ஏதாவது கிடைத்ததா?" என்றான்.

"ஒன்றுமில்லை" என்றேன். ஆரஞ்சை வாங்கித் தின்றேன்.

மதியம் தெருவில் இறங்கி அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் எடுக்கவில்லை. ஐந்தருவியில் கூட்டமாக இருந்திருக்கும். என்னால் பொறுக்க முடியவில்லை. போனை வாயருகில் வைத்துப் பேசி அனுப்பினேன். "அண்ணே, போட்டதையெல்லாம் இப்பவே எடுத்துரு. பணம் எடுக்குற இடத்துல ஓட்டை இருக்கு, நான் பாத்துட்டேன். யார்ட்டயும் சொல்லாத." அவ்வளவுதான். கால் நிமிடம்கூட இருக்காது.

மாலையில் அண்ணனே கூப்பிட்டான். "எடுத்துட்டேன்லே. எல்லாரும் எடுத்துட்டாவ."

"எல்லாரும்னா?"

"நம்ம குரூப்பு. நீ பேசுனத அப்படியே தட்டி விட்டேன்."

"யார்ட்டயும் சொல்லாதன்னு சொன்னேன்ல அண்ணே!"

"ஏலே, நான் மட்டும் எடுத்துட்டு வந்தா நாளைக்கு அவனுவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? வெள்ளம் வருதுன்னு தெரிஞ்சா நான் மட்டும் கரையேறிட்டு வேடிக்கை பாக்கவா?"

போனை வைத்துவிட்டேன். கல்லூரிக் காலத்தில் ஒரு நாள் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் திடீரென்று செம்மண் நிறத்துக்கு மாறியது. யாரோ கத்தினார்கள். நான் ஒரே ஓட்டமாகப் படியேறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அண்ணன் அருவிக்கடியில் நின்று, முன்பின் தெரியாத ஆட்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனிடம் போய் யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறேன். அவன் மேல் தப்பே இல்லை. அவனுக்கு அதை அனுப்பியதுதான் தப்பு.

அந்தப் பதினோரு பேரோடு அது நிற்கவில்லை. ஒருவர் மருமகனுக்கு அனுப்ப, அவர் தன் நண்பர்களுக்கு அனுப்ப, நிறுவனத்தின் பெயரோடு என் குரல் கைமாறிக்கொண்டே போயிருக்கிறது. எங்கேயோ தமிழும் தெரிந்து நிரலும் படிக்கத் தெரிந்த ஒருவன் காதில் விழுந்திருக்கிறது. ஓட்டை எந்த இடத்தில் என்று நானே சொல்லிக் கொடுத்துவிட்டேனே. வியாழக்கிழமை காலை அந்த நிறுவனத்தில் பத்து பைசா இல்லை.

ருயி அன்று பத்து மணிக்கு வந்தான். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தான். போன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான். நான் ஏதோ முனகினேன். "நீ என்ன செய்திருக்க முடியும்? யாருக்கும் தெரியாத விஷயம்" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். சொன்னவன் பணத்தை இழந்தவன், கேட்டுக்கொண்டவன் நான். தூ என்று என்னை நானே துப்பிக்கொள்ளத் தோன்றியது.

அடுத்த வாரம் நிறுவனம் நடந்ததை விசாரித்து இணையத்தில் வெளியிட்டது. தகவல் கசிந்த விதம் என்று அந்தக் குரல் பதிவையும் போட்டிருந்தார்கள். என் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. வெகுமதி இல்லை, என் கணக்கையும் மூடிவிட்டார்கள். செல்வியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "சரி விடுங்க, இருந்து மெதுவா வாங்க" என்றாள். அதற்கு அவள் அழுதிருக்கலாம்.

ருயிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் நான்கு வருடமாக நான் வீட்டோடு போனில் பேசுவதைக் கேட்டவன். பதிவை ஒருமுறை ஓடவிட்டு, நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"இது நீதானே?"

"ஆமாம்."

"யாருக்கு?"

"என் அண்ணனுக்கு."

"நான் ஆரஞ்சு கொடுத்த அன்றைக்கா?"

தலையாட்டினேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது விதி என்று விளக்க ஆரம்பித்தேன். அவன் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டான். அந்த ஊர் மரியாதை அப்படி. பிறகு, "அண்ணனுக்கு அந்த விதி இல்லையா?" என்றான். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வார முடிவில் அவன் மேசையைக் காலி செய்துகொண்டு போனான். நான் அனுப்பிய செய்திகளைப் பார்த்ததற்கு அடையாளம் தெரிகிறது. பதில் வருவதில்லை.

இந்த சீசனுக்கு இருபது நாள் ஊருக்கு வந்திருக்கிறேன். ஒரு மத்தியானம் அண்ணன் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவன் கூட்டாளிகள் எல்லோரும் காத்திருந்தார்கள். குளித்துவிட்டுச் செங்கோட்டை ரோட்டில் ஒரு பரோட்டாக் கடையில் உட்கார்ந்தோம். என்னை நடுவில் உட்காரவைத்து, ஆளாளுக்கு என் இலையில் எடுத்து வைத்தார்கள். வேண்டாம் என்று கையை மறித்தாலும் விடவில்லை. வடகரைக்காரர் இசக்கிமுத்து அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் தப்பியவர். "தம்பி, நீ மட்டும் சொல்லலேன்னா நாங்க தெருவுல நின்னுருப்போம்" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அங்கன உனக்குக் கூட்டாளிமாருண்டா தம்பி?" என்று கேட்டார்.

"ஒருத்தன் உண்டு அண்ணாச்சி. பக்கத்து மேசைக்காரன். அவனும் அதுல பணம் போட்டிருந்தான்."

"அப்படியா! நல்லவேளை, பக்கத்துலயே நீ இருந்தே. நமக்குச் சொல்லுததுக்கு முன்னாலேயே அவருக்குச் சொல்லிருப்பேல்லா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. பக்கத்தில் இருக்கிறவனிடம்தான் முதலில் சொல்வார்கள், வேறு எப்படி நடக்கும்? அண்ணன் முகத்தில் பெருமை வழிந்தது.

"சொல்லிட்டேன் அண்ணாச்சி" என்றேன்.

"அதான பாத்தேன்! நம்ம ஊர்ப் புள்ளைல்லா" என்று இசக்கிமுத்து அண்ணாச்சி என் தோளில் கையைப் போட்டார். ஈரம் காயாத, கனமான கை. நம்ம ஊர்ப் பிள்ளைக்கு என்று போட்ட அந்தக் கைக்கு நான் உரியவன் இல்லை. அதை எடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் கையை எடுக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.