வீடு கண்டுபிடித்த கதை

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வாரம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் படம் போட்டார்கள். அறிவியல் ஆர்வம் வளருமாம். ஏற்பாடு செய்தவர் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகளின் ஆசிரியை. வெளியே மழை, அதனால் பெரியவர்களும் போய் உட்கார்ந்துவிட்டோம்.

எனக்கு மனம் படத்தில் இல்லை. அடுத்த மாதம் பணி ஓய்வு. ஓய்வு என்றால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும். தோட்ட ஆபீஸ் கிராணி அப்படி எழுதிக் கையில் கொடுத்த கடிதம், மகள் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, அரிசி டின்னுக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

படம் தமிழில் பேசியது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி தகர டப்பாவையும் சைக்கிள் செயினையும் வைத்து ஒரே இரவில் இயந்திர மனிதர்களைச் செய்துவிடுகிறாள். இங்கே கொழுந்து வெட்டும் மெஷினுக்கு ஒரு போல்ட் கேட்டால் மூன்று வாரம் ஆகும். கடைசியில் அவள் பொத்தானை அழுத்த, ஊர் வேலையெல்லாம் அவையே பார்க்கத் தொடங்குகின்றன. ஊர்த் தலைவர் மேடையேறி, "இனி யாரும் வேலைக்கு வர வேண்டாம்!" என்று முழங்குகிறார். திரையில் எல்லாரும் தொப்பியைத் தூக்கிப் போட்டு ஆடினார்கள்.

எங்கள் மண்டபத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. அந்த வாக்கியத்தை நல்ல செய்தியாகக் கேட்டு எங்களுக்குப் பழக்கமில்லை.

"அய்யோ பாவம்லா! வீட்ட எப்ப காலி பண்ணச் சொன்னாங்களாம்?" என்றார் பின்வரிசையில் ஓர் அக்கா.

"சாமான் ஏத்த லாரி குடுப்பாங்களா, இல்ல அவங்களே புடிக்கணுமா?" இது அவர் கணவர்.

ஆசிரியை விளக்கைப் போட்டு, இது மகிழ்ச்சியான முடிவுதான் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, பொறுமையாகத்தான் சொன்னார்.

பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம், படத்தின் முடிவைச் சொந்தமாக மாற்றி எழுதுவது. இரண்டு நாள் கழித்து, பக்கத்து டவுனான தானா ராத்தாவில் வாடகை வீடு தேடி அலைந்துவிட்டு வந்தேன். காலியாக இருந்தவை எல்லாம் சுற்றுப்பயணிகளுக்காம். மேசையில் மகளின் நோட்டு திறந்து கிடந்தது.

"கடைசியில் படத்தில் வந்த அக்கா ஒரு வீடு கண்டுபிடித்தார். அப்பா வேலையை விட்டாலும் அந்த வீட்டிலேயே இருக்கலாம்."

அரிசி டின்னை மகள் நகர்த்திப் பார்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

கீழே ஆசிரியை சிவப்பு மையில் திருத்தியிருந்தார்: "வீடு ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. வேறு யோசி."

எங்கே என்று எழுதவில்லை.