எண்ணெய் ஆகாது

குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு எந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது, ஏன் பரவுகிறது என்று கண்டறிவதே என் உத்தியோகம். பதுளையிலிருந்து புறப்பட்டு ஊவா மலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையெல்லாம் சுற்றினேன். கக்கூஸ் இல்லாத லயங்களைக் குறித்துக்கொள்வேன், சனங்களின் மலத்தைப் நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பேன். முதுகுக்குப் பின்னால் என்னைப் ‘பீ டாக்குத்தரு’ என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், பொய்யா சொல்கிறார்கள்?

லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டம். காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில் மருந்து கொடுத்தோம். ஓமத்திலிருந்து எடுத்த வெள்ளைத் தூள். வெறும் வயிற்றில் விழுங்க வேண்டும். அன்று வயிற்றில் எண்ணெய் சேர்ந்தால் மருந்து அதில் கரைந்து, இரத்தத்தில் ஏறி, புழுவோடு ஆளையும் கொன்றுவிடும். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: “இன்னைக்கு எண்ணெய் ஆகாது.” வரிசையோ நீளம், எனக்கோ அவசரம். கங்காணியும் அதையே உரக்கச் சொன்னார். எல்லாரும் “சரிங்கய்யா” என்று தலையாட்டினார்கள்.

அன்று சாயங்காலமே கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருத்தி இறந்துபோனாள். லயத்துக்கு ஓடினேன். அவளுடைய தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

“வயிறு எரியுதுன்னு துடிச்சாங்கய்யா. சூடு தணியட்டும்னு நல்லெண்ணெய் ஒரு கரண்டி குடுத்தேன். அப்பவும் அடங்கல. நீங்க சொன்னாப்புலயே தலையில ஒரு சொட்டு வைக்கலைங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கஞ்சியும் ரொட்டியும் வேகும் அந்த அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறுவது தீபாவளிக்குத்தான். எண்ணெய் என்றால் அவர்களுக்குத் தலைக்கு வைப்பது. ‘ஆகாது’ என்றால் முழுகக் கூடாது, அவ்வளவுதான். என்ன தின்கிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள் என்று லயம் லயமாக விசாரித்த பெரிய ஆராய்ச்சிக்காரனுக்கு இது தெரியவில்லை. நான் படித்த படிப்பைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

“எம் மகளுக்கு என்னய்யா ஆச்சு?”

“நெஞ்சு பலவீனம்மா” என்றேன்.

அவள் மேல் இரக்கப்பட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னதாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன். உண்மையில் பயந்துபோயிருந்தேன். அவள் என்னைக் கும்பிட்டாள்.

அடுத்த முறை மருந்தோடு போனபோது ஒருவரும் கிட்டே வரவில்லை. அந்தத் தாய்தான் முதலில் வந்து கையை நீட்டினாள். “எம் மக நெஞ்சுக் கோளாறுல போனா. அதுக்கு மருந்து என்னடி பண்ணும்? வாங்க” என்று மற்றப் பெண்களைக் கூப்பிட்டாள். அவளை நம்பி வரிசை சேர்ந்தது.

இப்போது விளங்கச் சொல்லாவிட்டால் இன்னொரு உயிர் போகும். சொன்னால் இவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். முன்பே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், அதற்கும் எனக்குத் துணிவில்லை.

“தலைக்கு வைக்கிறதச் சொல்லல” என்றேன். “நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ, ஒரு சொட்டுகூட வாய்க்குள்ள போகக் கூடாது. போனா உயிருக்கே ஆபத்து.”

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேங்கய்யா” என்றாள்.