வாடையில்லாத தண்ணீர்

சாதியா டீச்சர் கடத்தூரில் பதினோரு வருடமாக ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறார். பக்கத்து வகுப்பில் கணக்கு நடத்தும் எனக்கே அவர் பாடம் மனப்பாடம். எலக்ட்ரானை இழுப்பதில் ஃப்ளோரினை மிஞ்ச ஆளில்லை. சின்ன அணு, கடைசிக் கூட்டில் ஓர் இடம் காலி, அந்தக் கூடும் உட்கருவுக்குப் பக்கத்திலேயே. குளோரின் அதே குடும்பம்தான், ஆனால் கூடு தள்ளியிருப்பதால் இழுப்பு கொஞ்சம் மட்டு.

ஊருக்குத்தான் உபதேசம். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறதென்று அதில் துணி துவைத்தார். வாடையே இல்லாத போர் தண்ணீரைப் பாதியாக வற்றும்வரை கொதிக்க வைத்து மகள் ஹுமேராவுக்குக் கொடுத்தார். அவள் பிறந்து ஏழு வருடமாக இதே கதை. என் வீட்டிலும் அப்படித்தான், நான் மட்டும் என்ன யோக்கியம்.

போன ஜூலையில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி ஒன்று பள்ளிக்கு வந்தது. அதிலிருக்கும் மருந்து ரோஜா நிறம். தண்ணீரில் ஃப்ளோரைடு இருந்தால், அந்த நிறத்தைத் தாங்கும் உலோகத்தை அது பறித்துக்கொள்ளும், மருந்து மஞ்சளாகும். கொதித்த தண்ணீர்தான் சுத்தம் என்று காட்ட, டீச்சர் வீட்டிலிருந்து மூன்று பாட்டில் கொண்டுவந்தார்.

குழாய்த் தண்ணீர் ரோஜாவாகவே நின்றது. போர் தண்ணீர் மெல்ல மஞ்சளானது. கொதித்த தண்ணீரில் சொட்டு விழுந்ததுமே நிறம் போயிற்று. சத்தமில்லை, புகையில்லை. உள்ளே உட்கார்ந்து யாரோ உறிஞ்சியதுபோல் இருந்தது. டீச்சர் ஐந்து தடவை திரும்பச் செய்தார். ஐந்து தடவையும் மஞ்சள்.

"தண்ணிதாங்க வத்தியிருக்குது, ஃப்ளோரைடு வத்தலை," என்றார் என்னிடம். கொஞ்சம் கழித்து, "எலும்புலயும் பல்லுலயும் இருக்கற கால்சியமும் உலோகந்தானுங்க," என்றார்.

அன்று சாயங்காலம் அவரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் கூடவே போனேன். ஹுமேராவின் அப்பா வழக்கம்போல் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தார். கொதிக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது. டீச்சர் நேராகப் போய் அடுப்பை அணைத்தார். பிறகு மகளை வெளிச்சத்துக்கு இழுத்து வந்து வாயைத் திறக்கச் சொன்னார்.

பால்பல் விழுந்து புதிதாய் முளைத்த முன்பற்கள் இரண்டிலும் குறுக்கே சுண்ணாம்புக் கோடுகள், ஓரத்தில் பழுப்பு. சரியாகத் தேய்ப்பதில்லை என்று இரண்டு மாதமாக அந்தப் பல்லுக்காகத்தான் டீச்சர் குழந்தையை அடித்துக்கொண்டிருந்தாராம்.

நாங்கள் இருவரும் உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் ஹுமேரா உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இன்னிக்கி ரெண்டு தடவ தேச்சேன் அம்மீ," என்றாள்.