சந்தனப் பொட்டு வச்ச ராக்கெட்டு

காலேஜ் மூணாவது வருஷத்துல நாங்க ரெண்டு பேரு ராக்கெட்டு வுட்டோம். சிரிக்காதீங்க. தீபாவளி ராக்கெட்டு இல்ல. ஆளு உசரத்துக்கு அலுமினியக் குழாய், உள்ள சர்க்யூட்டு, மேல போய் திரும்பும்போது விரியிற பாராசூட்டு. இது ஒரு கிலோமீட்டர் போவும், அடுத்தது அஞ்சு, அப்பால ஸ்பேஸ்தான்னு என் தோஸ்து சொல்லுவான். அவன் சொன்னா நம்பத் தோணும்.

அவனுக்கு வியாசர்பாடி. அப்பா ஹார்பர்ல மூட்டை தூக்கறவரு. அவங்க வம்சத்துல காலேஜ் படி மிதிச்ச மொத ஆளு அவன்தான். நான் திருவொற்றியூர். குழாய் வேலையெல்லாம் என் பொறுப்பு. சர்க்யூட்டு மொத்தமும் அவனுது. பழைய ரேடியோவப் பிரிச்சிப் பிரிச்சி அவனே சால்டர் பண்ணது. பாராசூட்டு ஒழுங்கா விரிஞ்சா மேல்படிப்புக்கு நானே சிபாரிசு லெட்டர் தரேன்னு எங்க புரொபசர் சொல்லியிருந்தாரு. அந்த லெட்டருக்காக ஆறு மாசம் நாயா பேயா அலைஞ்சான்.

"மாமு, இந்த ஓட்டையப் பாத்துக்கோ"ன்னு ஒரு நாள் காட்டினான். ராக்கெட்டு மூக்குக்குக் கீழ, குண்டூசி நுழையிற அளவுக்கு. "இதாலதான் அது மூச்சு வுடுது. காத்தழுத்தம் கொறையிறத வச்சிதான் உச்சிக்கு வந்தது சர்க்யூட்டுக்குத் தெரியும், தெரிஞ்சாத்தான் பாராசூட்ட விரிக்கும்." சரிடா சரிடான்னேன்.

வுடற அன்னிக்குக் காலைல டோல்கேட் பக்கத்து லேத்து பட்டறையில இருந்து ராக்கெட்ட எடுக்கப் போனேன். அவன் பேட்டரி வாங்கப் போயிருந்தான். பட்டறைக்காரரு எந்த வேலையும் பொட்டு வைக்காம வெளிய அனுப்ப மாட்டாரு, வெறும் போல்ட்டு நட்டா இருந்தாலும். சந்தனத்தக் கொழச்சி, "நீயே வை நைனா, உன் பொருளு"ன்னாரு. எங்க வூட்ல சைக்கிளுக்கே பொட்டு வைப்போம். மூணு பொட்டு நல்லா அப்பினேன், மேல குங்குமம். இன்னா சந்தோஷம் எனக்கு! அவன் வந்து பாத்தான். அவங்க வூட்ல புத்தர் படம் மட்டும்தான், இதெல்லாம் கெடையாது. என் மனசு நோவக் கூடாதுன்னு ஒண்ணும் சொல்லாம சிரிச்சான். அவசரத்துல ஓட்டை எங்கன்னு அவனும் பாக்கல, நானும் நெனைக்கல.

எண்ணூர் கடற்கரைக்குப் போனோம். புரொபசரும் வந்திருந்தாரு. சொய்ங்னு போச்சி பாருங்க, தொண்டை கிழிய கத்தினோம். அப்பால திரும்பிச்சி. பாராசூட்டு வரல. வரவே இல்ல. தலைகீழா வந்து ஈர மணல்ல சொருகிக்கிச்சி.

மொதல்ல ஓடிப் போய் தோண்டினது நான். நடுப் பொட்டு காஞ்சி, சிமெண்ட்டு பூசினாப்புல ஓட்டைய அடைச்சிக்கினு இருந்துச்சி. அவங்க ரெண்டு பேரும் நடந்து வந்துக்கினு இருந்தாங்க. அலையில முக்கி, கட்டைவெரலால தேச்சிக் கழுவிட்டேன். யோசிச்செல்லாம் செய்யல, கை தானா செஞ்சிது. சீ, அதுவும் பொய்யி. யோசிச்சிதான் செஞ்சேன்.

"சர்க்யூட்டு ஃபெயிலு. உங்களுக்கெல்லாம் இது எதுக்குப்பா?"ன்னாரு புரொபசர். உங்களுக்கெல்லாம்னா யாருக்குன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியும். அவன் தலைய குனிஞ்சிக்கினு, "ஆமா சார், என் தப்புதான்"னான். நான் வாயத் தொறக்கல. தொறந்திருக்கணும், கொழுக்கட்டையா வச்சிருந்தேன் வாயில?

அதுக்கப்புறம் மேல்படிப்புப் பேச்சே அவன் எடுக்கல. கண்டெய்னர் யார்டுல நம்பர் எழுதற வேலைக்குப் போயிட்டான்.

ஆறேழு வருஷம் கழிச்சி ராயபுரத்துல ஒரு டீக்கடையில அவனப் பாத்தேன். தங்கச்சி பிளஸ் டூவுல நல்ல மார்க்கு, எலக்ட்ரானிக்ஸ்தான் படிப்பேன்னு அழுவுதுன்னான். "வேணாம்னுட்டேன் மாமு. எங்க ரத்தத்துக்கு அது வராதுடா. நான்தான் பாத்துட்டேனே."

அங்கயே சொல்லிட்டேன். பொட்டு, ஓட்டை, கடல் தண்ணி, எல்லாத்தையும். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தா தேவலாம். டீ கிளாச கீழ வச்சிட்டு என் கையப் புடிச்சிக்கினான்.

"அப்போ என் சர்க்யூட்டு நல்லாத்தான் இருந்துச்சாடா?"

ஆமாடான்னேன்.

"இன்னொரு தபா சொல்லு"ன்னான்.