நெருக்கடி என்றால் மில் மூடுவது

பன்னிரண்டு வயதில் பர்ன்லி நகரத்துத் தறிக்கூடத்தில் சேர்ந்த ஹெட்டி கிரிம்ஷா, நெய்யக் கற்பதற்கு முன்பே உதட்டசைவைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டாள். தறி ஓடும்போது கத்தினாலும் காதில் விழாது. அதனால் நெசவாளர்கள் குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஊர்க்கதை முழுவதும் பேசுவார்கள்.

அவள் கணவன் வில்ஃபும் நெசவாளிதான். முப்பதுகளில் மில் மூடியபோது இருவருக்கும் வேலை போயிற்று. ஹெட்டிக்கு ஒரு ரொட்டிக்கடையில் வேலை கிடைத்தது, அதுவே வினையானது. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகைக்கான விசாரணைக்காரர் வீட்டுக்கு வந்து அலமாரி வரை திறந்து பார்த்தார். பெண்டாட்டி சம்பாதிக்கிறாளே என்று வில்ஃபின் தொகையை நிறுத்திவிட்டார். அத்தோடு ஹெட்டி வேலையை விட்டாள். பிறகு மில் திறந்தும், மறுபடி மூடினால் அதே கதிதான் என்ற பயத்தில் அவன் மட்டுமே திரும்பினான். அவள் இரண்டு அறைகளைப் பெருக்கிக்கொண்டு, தெருவில் மற்ற பெண்கள் வேலைக்குப் போவதை ஜன்னல் வழியே பார்த்திருந்தாள்.

போர் முடிந்த இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கல்யாணமான பெண்களை மறுபடி தறிக்கு அழைக்க லண்டனிலிருந்து அரசாங்கத்தின் சார்பில் ஓர் இளைஞன் வந்தான். மில் உணவுக்கூடத்தில் கூட்டம். டாலர், ஏற்றுமதி, இன்னும் நிறையத் துணி என்றெல்லாம் விளக்கிவிட்டு, "நாடு பெரிய நெருக்கடியில இருக்கு" என்றான்.

கூடம் அடங்கிப்போயிருந்தது. மெய்மறந்து கேட்கிறார்கள் என்று அவன் பூரித்துப்போனான். ஒவ்வொரு வரிசையிலும் உதடுகள் ஓடிக்கொண்டிருந்தன.

"எந்த வாரம் மூடறாங்களாம்?" என்று குரலில்லாமல் கேட்டாள் முன்வரிசையில் இருந்த நெசவாளி எட்னா, பின்னால் திரும்பி.

"கிறிஸ்துமஸ் தாண்டாது. துணியைக் குவிக்கச் சொல்றான் பாரு. குவிஞ்சா விக்காது, விக்கலைன்னா பூட்டுதான்" என்றது பின்வரிசையில் ஒரு வாய்.

"பையன் லட்சணமாத்தான் இருக்கான். சோறு போட ஆளில்ல போல" என்றது இன்னொன்று.

ஹெட்டி எழுந்து வாய்விட்டுக் கேட்டாள்: "மில்லை மூடப் போறீங்களா தம்பி?"

அவன் விழித்தான். "மூடறதா? துணி பத்தலைன்னுதாம்மா வந்திருக்கேன். துணியை வெளிநாட்டுக்கு வித்தாத்தான் கோதுமை வாங்க டாலர் கிடைக்கும். அது இல்லாமத்தான் ரொட்டிக்குக் கூப்பன்."

ரொட்டி வரிசையில் நின்று கால் கடுத்தவளுக்கு அது புரிந்தது. அப்போது எதிர்ச்சுவரோரம் மில் ஆண்களோடு நின்ற வில்ஃபின் உதடுகள் அசைந்தன.

"நம்பாதே. பேர் கொடுக்காதே."

"பத்து வருஷத்துக்கு மேல வீட்டுல கிடந்தது போதும் வில்ஃப்."

"மில் மூடினதும் நீ பழையபடி ஏதாவது கடைக்குப் போவே, உன் சம்பளத்தைக் காட்டி விசாரணைக்காரன் எனக்கு ஒண்ணும் தர மாட்டான். அப்ப என்ன செய்வே?"

அவன் உதடு நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் மேஜைக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தாள்.

"நெருக்கடி என்னன்னு நீங்களாவது புரிஞ்சுக்கிட்டீங்கம்மா" என்றான் இளைஞன்.

வில்ஃப் அருகில் வந்தான். எல்லாருக்கும் கேட்கும்படி, "மறுபடி விசாரணைக்காரன் வந்து நின்னா, கதவை நீயே திற. நான் எழுந்திரிக்க மாட்டேன்" என்றான்.

"திறக்கறேன்."

தொப்பியை மாட்டிக்கொண்டு, அவளுக்காக நிற்காமல் போய்விட்டான்.

"திங்கட்கிழமை என் பக்கத்துத் தறியையே கேளுடி" என்றாள் எட்னா, அவள் தோளை இடித்து. ஹெட்டி தலையாட்டினாள். வில்ஃப் போன வாசலைப் பார்த்தபடியே கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.