காலிப் பெட்டிக்கு ஒரு பூட்டு

காலிப் பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டிய ஆள் உலகத்திலேயே எங்கள் அப்பாவாகத்தான் இருப்பார். அதுவும் ஜெர்மனியில், ஓடுகிற ரயிலில். பள்ளிக்கூடத்தில் இதைப் பலமுறை சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். இப்போது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கோபம் அப்பா மேல் இல்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பாவுக்கு ஆவடி பாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. சொந்த ஊர் விருதுநகர் பக்கம். வருஷத்துக்கு ஒருமுறை ரயிலில் ஊருக்குப் போவோம். ஏறியதும் அப்பா செய்கிற முதல் வேலை, சீட்டுக்கு அடியில் குனிந்து எல்லாப் பெட்டிகளையும் சங்கிலியில் கோத்துப் பூட்டுவது. பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். அதற்கப்புறம்தான் தண்ணீர் குடிப்பார். திருடுகிற மாதிரி எங்களிடம் ஒன்றும் இருந்ததில்லை. பழைய துணியும் ஊருக்குக் கொண்டுபோகிற பிஸ்கட்டும்தான். ஆனாலும் பூட்டாமல் அவருக்குத் தூக்கம் வராது.

அக்கா என்னைவிட ரொம்ப மூத்தவள். கல்யாணமாகி ஜெர்மனி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஃபிளாட்டில் இருந்தார்கள். வெளிநாட்டு மாப்பிள்ளை பிடித்தவர்கள் என்று குவார்ட்டர்ஸில் எங்களுக்குத் தனி மரியாதை இருந்தது.

அக்கா போன் செய்தால் எப்போதும் பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்கும். குழாயை முழுசாகத் திறந்துவிட்ட மாதிரி. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அக்கா குசுகுசுவென்று பேசுவாள். எங்கள் குவார்ட்டர்ஸில் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும். அதனால் ஜெர்மனி என்றால் வீட்டுக்குள் நாள் முழுக்கத் தண்ணீர் கொட்டுகிற ஊர் என்று நினைத்துக்கொண்டேன். சுவர் ஓரமாக ஓடை ஓடும், அக்கா அதில் காலை விட்டுக்கொண்டு பேசுவாள். தூங்கப் போகும்போது அந்த ஓடையைத்தான் நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவேன். போனை வைத்ததும் அம்மா சமையலறைக்குப் போய் ஒன்றும் செய்யாமல் நிற்பாள். அதையும் பார்த்தேன். ஆனால் எனக்கு ஓடைதான் பெரிதாகத் தெரிந்தது.

அரையாண்டு லீவுக்கு நாங்கள் ஜெர்மனி போகிறோம் என்று அப்பா சொன்னார். அக்காவைப் பார்க்க. அவ்வளவுதான் சொன்னார்.

அப்பா பூந்தமல்லிக்குப் போய் ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், இப்போது மெட்ரோத் தூண் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த கடை. கருநீலம், நாலு சக்கரம், நான் உள்ளே சுருண்டு படுக்கிற அளவுக்குப் பெரிசு. படுத்தும் பார்த்தேன். புது ரப்பர் வாசனை அடித்தது. அதில் எதையும் வைக்கவில்லை. எங்கள் மூன்று பேர் துணியையும் பழைய பச்சைப் பெட்டியில் திணித்து, அப்பா மேலே உட்கார்ந்துதான் ஜிப்பை இழுத்தார்.

"புதுசு எதுக்குப்பா காலியா வருது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"திரும்பி வரும்போது சாக்லேட் ரொப்பிட்டு வர்றதுக்கு" என்றார் அப்பா.

அன்றிலிருந்து நான் வேறு மனுஷி. அந்தப் பெட்டி முழுக்கச் சாக்லேட். கை விட்டால் முழங்கை வரை சாக்லேட். வகுப்பில் யாருக்கு உண்டு, யாருக்குக் கிடையாது என்று முடிவே செய்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாமாவின் அம்மா கள்ளிக்குப்பத்திலிருந்து ஆட்டோவில் வந்தார். கூடவே ஒரு சிவப்புப் பெட்டி. உள்ளே மாவடு, தட்டை, பருப்புப்பொடி, இட்லி குக்கர், ஒரு டஜன் பனியன். எல்லாம் மகனுக்கு.

"எங்க புள்ளைக்கு மாவடுன்னா உசுரு. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் பண்ணத் தெரியலையாம். வாயத் தொறந்தா எதிர்ப் பேச்சாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி இருக்கச் சொல்லுங்க சம்பந்தி."

"சொல்றோம்" என்றாள் அம்மா. காபி கொடுத்தாள். அப்பா அந்தப் பெட்டியை வாங்கிப் பத்திரமாக ஓரத்தில் வைத்தார். சண்டை போடத் தெரியாத மனுஷர் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் டாக்சிக்காரர் பெட்டிகளை மேலே ஏற்றினார். சிவப்பைத் தூக்கும்போது முனகினார். கருநீலத்தையும் அதே வேகத்தில் தூக்கப் போய், அது அவர் தலைக்கு மேலே பறந்தது.

"இன்னா சார், பொட்டில காத்து தான் கீது?"

"அது அப்படித்தான். வைப்பா."

"அந்த ஊர்ல காத்து இல்லியா சார்? இங்கேர்ந்து எத்துகினு போறீங்க?"

நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

விமானம் எனக்குச் சரியாக நினைவில்லை. தூங்கிவிட்டேன். இறங்கியதும் குளிர் மூக்கைக் கடித்தது. அங்கிருந்து அக்கா ஊருக்கு ரயில். பாதி நாள் பயணம். அந்த ரயில்தான் இன்றைக்கும் கனவில் வருகிறது. சத்தமே போடாமல் கிளம்பியது. கிளம்பியதே தெரியவில்லை. ஸ்டேஷன்தான் பின்னால் நகர்கிறது என்று நினைத்தேன்.

பெரிய பெட்டிகளை வைக்கக் கதவுக்குப் பக்கத்தில் கம்பி அடுக்கு இருந்தது. எல்லாரும் அங்கே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து புத்தகம் படித்தார்கள். பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாவுக்குத் தாங்கவில்லை. கைப்பையிலிருந்து சங்கிலியை எடுத்தார். ஆவடி மார்க்கெட்டில் வாங்கிய அதே சங்கிலி, அதே பூட்டு. கருநீலத்தை உள்ளே தள்ளி, அதற்கு முன்னால் சிவப்பு, அதற்கு முன்னால் பச்சை. மூன்றின் கைப்பிடியையும் கோத்து, அடுக்குக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டர், சட்டை, இரண்டு பேண்ட், உள்ளே தெர்மல் எல்லாவற்றையும் விலக்கிச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார்.

டிக்கெட் பார்க்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணி சங்கிலியைக் காட்டி ஏதோ கேட்டார். "சேஃப்டி, சேஃப்டி" என்றார் அப்பா. அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் அழகு. டீக்காரர் வரவில்லை. யாரும் யாரோடும் பேசவில்லை. ஜன்னல் திறக்காது. வெளியே எல்லாம் வெள்ளை. வயல் வெள்ளை, கூரை வெள்ளை, ஒரு நாய் மட்டும் கறுப்பாக ஓடியது. பெரிய காற்றாடிகள் அவசரமில்லாமல் சுற்றின. அம்மா எலுமிச்சைச் சோறு பொட்டலத்தைப் பிரித்தாள். அந்த வாசனை ரயில் பெட்டி முழுக்கப் பரவியது. நான் சாப்பிட்டுவிட்டு அம்மா மடியில் படுத்தேன். அம்மாவின் கை என் தலையில் இருந்தது. கண் மூடவும் திறக்கவும், பனியும் மரமும் மாறி மாறி வந்தன. நாங்கள் எங்கேயும் போகவில்லை, உலகம்தான் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. கடைசியில் ஒரு வீடு வரும். உள்ளே ஓடை ஓடும். அக்கா காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அம்மா தூங்கவே இல்லை. மடியில் படுத்திருந்தால் அது தெரியும்.

அக்கா ஊர்ப் பெயரை ஒலிபெருக்கியில் சொன்னபோது அப்பா நிதானமாக எழுந்தார். அவர் கணக்கில் பெரிய ஸ்டேஷன் என்றால் வண்டி நின்று, தண்ணீர் பிடித்து, டீ குடித்து, அப்புறம்தான் கிளம்பும். ரயில் நின்றது. இறங்க வேண்டியவர்கள் மூச்சு விடுவதற்குள் இறங்கி முடித்துவிட்டார்கள். ஏறுகிறவர்கள் ஏற ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

ஸ்வெட்டரைத் தூக்கினார். சட்டையை உருவினார். பெல்ட்டைத் தளர்த்தினார். கதவுப் பக்கம் நின்ற நாலு வெள்ளைக்காரர்கள் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தெர்மலுக்குள் கை போய்த் தேடியது.

"என்னங்க, சீக்கிரம்" என்றாள் அம்மா. சத்தம் போடவில்லை. ஆனால் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

சாவி வந்தது. கயிற்றோடு சேர்த்து அறுத்தே எடுத்தார். பூட்டு திறந்தது. முன்னால் இருந்த பச்சையை அம்மா இழுத்துக்கொண்டு இறங்கினாள். அடுத்தது சிவப்பு. சங்கிலி அதன் கைப்பிடியில் முறுக்கிக்கொண்டிருந்தது. இருந்தாலும் கைக்கு எட்டுவது அதுதான், கனமானதும் அதுதான். நான் பிடித்து இழுத்தேன். வெளியே விசில் சத்தம் கேட்டது.

அப்பா என் கையைத் தட்டிவிட்டார். சிவப்பை ஓரமாக உதைத்துத் தள்ளினார். அடுக்குக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கருநீலத்தை வெளியே பிடுங்கினார்.

"அப்பா, அது காலிப்பா!"

"தெரியும், இறங்கு."

ஒரு கையில் என்னையும் ஒரு கையில் பெட்டியையும் பிடித்துக் குதித்தார். முதுகுக்குப் பின்னால் கதவு மூடியது. சத்தமே போடாமல் ரயில் கிளம்பியது. மாவடு, தட்டை, இட்லி குக்கர், ஒரு டஜன் பனியன், எங்கள் ஆவடிச் சங்கிலி, எல்லாம் பனிக்குள் போய்விட்டன.

டிபன் பாக்ஸ் மூடியைத் தொலைத்தால் ஒரு வாரம் திட்டுகிற அம்மா, "போனா போகட்டும்" என்றாள். கருநீலப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பல நாளுக்கு அப்புறம் அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ தெரிந்தது.

மாமா பிளாட்பாரத்தின் கோடியிலிருந்து வந்தார். அக்கா வரவில்லை. எங்களுக்கு உடம்பு எப்படி, பயணம் எப்படி என்று எதுவும் கேட்கவில்லை.

"எங்க அம்மா குடுத்த பெட்டி எங்க?"

"வண்டியிலேயே போயிடுச்சு மாப்பிள்ளை. மன்னிக்கணும்" என்றார் அப்பா. பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமா சலித்துக்கொண்டே கருநீலப் பெட்டியைத் தூக்கினார். டாக்சிக்காரர் மாதிரியே தடுமாறினார்.

"இது என்ன, ஒண்ணுமே இல்ல? காலிப் பெட்டியை எதுக்கு இவ்ளோ தூரம் கொண்டு வந்தீங்க?"

அப்பா பேண்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. வலித்தது. பெரியவர்களுக்குத் தெரியாத பதில் எனக்குத் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை.

"திரும்பிப் போறப்ப சாக்லேட் ரொப்பிட்டுப் போறதுக்கு மாமா. முழுப் பெட்டியும்."

மாமா என் முகத்தைப் பார்த்தார். பொய் இருந்தால் தெரிந்திருக்கும். பொய் இல்லை. சிரித்தார். "ரொப்பிடலாம்" என்றார். அம்மாவின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

அக்கா வீட்டில் ஓடை இல்லை. சின்ன வீடு, ரொம்பச் சுத்தம். அக்கா மெலிந்திருந்தாள். மாமா இருக்கும்போது பேசவில்லை. அவர் வெளியே போகும்போது வெளிப்பக்கமாகக் கதவைப் பூட்டிவிட்டுப் போவது அங்கே வழக்கம் என்று நினைத்தேன். பூட்டுகிற விஷயத்தில் அப்பா மாதிரி என்று நினைத்தேன். அக்கா கொண்டுபோன பெட்டிகள் எல்லாம் கீழே நிலவறையில், அந்தச் சாவியும் மாமாவிடம். நாங்கள் வந்ததால் எங்களுக்காக ஒரு வீட்டுச் சாவி கொடுத்திருந்தார். சாவி கொடுக்காமல் விருந்தாளியை உள்ளே வைத்துப் பூட்ட முடியாதே.

சில நாள் கழித்து ஒரு காலை, மாமா ஆபீஸ் போனதும் அம்மா கருநீலப் பெட்டியைக் கட்டில் மேல் திறந்தாள். அக்காவின் புடவை, சுடிதார், சர்டிபிகேட், கல்யாணத்துக்கு நாங்கள் போட்ட நகை. பாஸ்போர்ட்டை அக்கா அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்தாள். யாரும் பேசவில்லை. நான் மட்டும் பேசினேன். சாக்லேட்டுக்கு இடமே இல்லையே என்று அழுதேன். அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தார்.

அக்கா லீவுக்கு நம்ம கூட வருகிறாள் என்று சொன்னார்கள். நம்பினேன்.

திரும்பும் ரயிலில் சங்கிலி இல்லை. அப்பா அடுக்குப் பக்கம் போகவே இல்லை. பெட்டியைத் தன் முழங்காலுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதே பனி, அதே காற்றாடி. அம்மா மடியில் என் இடத்தில் அக்கா தலை வைத்துப் படுத்திருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து பாத்ரூம் போனேன். அங்கே குழாயை அமுக்கினால் கொஞ்சம் தண்ணீர் வந்து, தானாக நின்றது. மறுபடி அமுக்கினேன். மறுபடி நின்றது.

திரும்பி வந்து அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, இங்கே குழாய் தானா நின்னுடுது. உங்க வீட்ல மட்டும் நீ போன் பேசறப்பல்லாம் ஏன் நிக்கவே நிக்காது?"

அக்கா படுத்தபடியே என்னைப் பார்த்தாள். கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, பெட்டியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார்.